கணக்குப்புலிக்கு இரண்டு மூலம்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் போனில் அல்ஜீப்ரா பேசுகிறார் என்றால், வீட்டில் அவருக்கு ஏதோ சங்கடம் என்று அர்த்தம். நம் கணக்குப்புலி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ரெண்டு மூலம் இருக்கும்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியுது."

அந்தப் பக்கம் அல்ஜீப்ரா மேடம் ஏதோ சொன்னார்.

"ஓ! ரெண்டும் ஒரே இடத்துல இருக்கா? அதனாலதான் ஒண்ணா தெரியுதா? சரி சரி. ஆனா அடுத்தது வெளிய வரவே மாட்டேங்குது மேடம். உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு. அது நிஜ மூலமா, கற்பனையான்னே புரியலை."

மறுபடி மேடம் பேசினார்.

"நாளைக்கு நேர்லயே காட்டிடுறேன். ஆனா எல்லார் முன்னாடியும் வேண்டாம் மேடம், கூச்சமா இருக்கு. தனியாப் பாருங்க."

குழாயை மூடினார். கதவைத் திறந்தார். கையில் துண்டோடு எதிரே மனைவி நின்றிருந்தாள்.

பெயிண்ட் கிடங்கில் லாரிக்காரர்களோடு கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. குழாய் என்ன, அருவியே விழுந்தாலும் அந்தக் குரலை மறைக்காது. இது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இங்கே கொஞ்சம் முன்கதை சொல்லியாக வேண்டும். கணக்குப்புலி என்பது கிடங்கில் வைத்த பேர். அடுக்கி வைத்திருக்கும் டின்களைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்து, இத்தனை என்று சொல்லிவிடுவார். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்தத் திறமையால் கிடங்கு மேற்பார்வையாளர் நாற்காலிக்கும் வந்துவிட்டார். ஆனால் மனிதருக்கு ஒரு ரகசியம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் கம்பீரமாக நின்ற பட்டம், உண்மையில் அவர் கைக்கு வரவே இல்லை. எல்லாப் பாடமும் தேறியாயிற்று, அல்ஜீப்ரா மட்டும் தேறவில்லை. டின் என்றால் எண்ணலாம், எக்ஸை எங்கே போய் எண்ணுவது?

இத்தனை வருஷமும் வீட்டில் எந்த விவாதம் வந்தாலும், "டிகிரி படிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ" என்றுதான் முடிப்பார். துணி காயப்போடுவதிலிருந்து பல் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது வரை அந்த டிகிரிதான் தீர்ப்புச் சொல்லும். மனைவியும் "நான் என்ன உங்க அளவுக்குப் படிச்சவளா" என்று விட்டுக்கொடுத்துவிடுவாள்.

இப்போது கம்பெனி புதிதாக ஒரு சட்டம் போட்டது. மேற்பார்வையாளர் எல்லோரும் வருஷ முடிவுக்குள் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழையபடி டின் அடுக்கப் போக வேண்டும். புலி வெலவெலத்துப் போய், தெரிந்தவர் கண்ணில் படாமல் சாயங்காலக் கல்லூரியில் அல்ஜீப்ராவுக்குச் சேர்ந்துவிட்டார். வேலை அதிகம், வர நேரமாகும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். ஆக, இந்த ஒரு பாடம் தேற வேண்டும், அதுவும் வீட்டுக்குத் தெரியாமல் தேற வேண்டும். நாற்காலியும் மானமும் அதில்தான் தொங்கின.

அல்ஜீப்ரா மேடம் புலியைவிட ரொம்பச் சின்னவர். ஆனால் முதல் நாளே கரும்பலகை முன்னால் நின்று, இந்த வகுப்பில் தான் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல படிச்ச பின்னமெல்லாம் மறந்திருந்தா இன்னிக்கே ஞாபகப்படுத்திக்கங்க. விடையை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டா பூஜ்யம்தான், ஒவ்வொரு படியும் எழுதணும். லேட்டா வந்தா வரலைன்னு அர்த்தம். வராம இருக்கறது கூடிப் போச்சுன்னா பரீட்சை எழுத முடியாது. பரீட்சைக்கே வரலைன்னா அடுத்த வருஷம்தான். வகுப்புல போன், பை, பக்கத்து நோட்டு எதையும் தொடக் கூடாது. சந்தேகம் வந்தா வகுப்பில்லாத நாள்ல போன் பண்ணுங்க. ஆனா 'ஒண்ணுமே புரியலை'ன்னு மட்டும் சொல்லாதீங்க. எது புரியலையோ அதோட பேரைச் சொல்லிக் கேளுங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "நாங்க உங்ககிட்ட என்ன மேடம் எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டார்.

"இரக்கத்தைத் தவிர வேற எதையும் எதிர்பார்க்கலாம்" என்றார் மேடம்.

பேரைச் சொல்லிக் கேட்கச் சொன்னாரே, அதன்படி பேரைச் சொல்லிக் கேட்கப் போய்த்தான் புலி இப்போது குளியலறை வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"எத்தனை நாளா இது?" என்றாள் மனைவி.

போச்சு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தார் புலி. தலையைக் குனிந்துகொண்டார்.

"காலேஜ்ல படிச்ச காலத்துலேர்ந்தே."

"அப்போலேர்ந்தா! என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"வெட்கமா இருந்துது."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னங்க வெட்கம்? நான் கேலி பண்ணுவேன்னு நினைச்சீங்களா?"

புலிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியிடம் போயா இத்தனை வருஷம் மறைத்தோம் என்று மனசு இளகிப்போனது.

"எங்க பெரியப்பாவுக்கும் இருந்துது" என்றாள் அவள். "உக்காரவே முடியாம தவிச்சார். கடைசில ஆபரேஷன் பண்ணித்தான் சரியாச்சு."

கலங்கிய கண் சட்டென்று காய்ந்தது. அல்ஜீப்ராவுக்கு எதற்கு ஆபரேஷன் என்று ஒரு விநாடி யோசித்தார். அப்புறம்தான் உறைத்தது. அப்பாடா என்று ஒரு பக்கம் நிம்மதி, அடப்பாவி என்று ஒரு பக்கம் திகில். இரண்டையும் ஒரே முகத்தில் காட்ட முயன்றதில் அசல் நோயாளி மாதிரியே ஆகிவிட்டார்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் மனைவி.

"சில சமயம்" என்றார் புலி.

அந்த இரண்டு வார்த்தையில்தான் கெட்டார்.

அன்று முதல் அவர் தட்டில் காரம் கிடையாது, எண்ணெய் கிடையாது. வெந்த காய், வெந்த கீரை, வெந்தது என்னவென்றே தெரியாத இன்னொன்று. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். மனைவி எதிரே உட்கார்ந்து தன் தட்டில் மணக்க மணக்கச் சாப்பிடுவாள். அவர் கை அந்தப் பக்கம் நகர்ந்தால், "ஐயோ, உங்களுக்கு ஆகாதுங்க" என்று தட்டை இழுத்துக்கொள்வாள். சொல்லும்போதே அவள் குரல் தழுதழுக்கும். பாவம், எவ்வளவு வேதனைப்படுகிறாள் என்று புலி நினைத்துக்கொள்வார்.

கெட்டதிலும் ஒரு நல்லது இருக்கட்டுமே என்று அவர் ஒரு யோசனை செய்தார். வேலை அதிகம் என்ற பொய் ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. அதற்குப் பதில் இதையே வைத்துக்கொண்டால் என்ன?

"ஆஸ்பத்திரில சாயங்காலம் ஒரு வைத்தியம் இருக்காம். வாரத்துல மூணு நாள் வரச் சொல்றாங்க" என்றார்.

"அப்படியா? தனியா எப்படிப் போவீங்க? தம்பியைக் கூட அனுப்பறேன்" என்றாள் மனைவி.

தம்பி என்றால் அவளுடைய தம்பி. அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருக்கிறவன். அக்கா சொல்லுக்கு மறுபேச்சு பேசாதவன், அதோடு மாமா மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆகாத மச்சான் என்றால்கூடச் சமாளிக்கலாம், பாசமான மச்சானை என்ன செய்வது?

"மாமா, மெதுவா. படி இருக்கு. காலை அகட்டி வைங்க" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விடுவான். தன் வார்டுக்கு அவன் போகும்வரை புலி அங்கே முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் தலை மறைந்ததும் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுப் பக்கமாக வெளியேறி, அடுத்த தெருக் கல்லூரிக்கு ஓட்டமாக ஓடுவார். போய்ச் சேரும்போது வகுப்புக் கதவு சாத்தியிருக்கும்.

"லேட்டா வந்தா?" என்பார் மேடம்.

"வரலைன்னு அர்த்தம்" என்று வாசலில் நின்றபடியே புலி ஒப்பிப்பார்.

இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், ஒரு நாள் வகுப்பு முடியும்வரை காத்திருந்து மேடத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"மேடம், வீட்டுல பெரிய பிரச்சனை. எல்லாம் இந்த மூலத்தால."

"அதுக்குத்தான் சார் வகுப்பே நடத்துறேன்."

"அந்த மூலம் இல்ல மேடம், இது வேற மூலம். உடம்புல வர்ற மூலம்."

"உங்களுக்கு மூலமா?"

"இல்ல மேடம். எனக்கு இல்ல. ஆனா இருக்குன்னு வீட்டுல நினைக்கிறாங்க."

"அப்போ கற்பனை மூலம்" என்றார் மேடம். வாயைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டு, "இதுவரைக்கும் போனதை விட்டுடறேன். இனிமே ஒரு நாள்கூட லேட்டாகக் கூடாது. பரீட்சையை விட்டா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

இரக்கமே காட்டமாட்டேன் என்றவர் இவ்வளவு இறங்கி வந்தாரே என்று புலிக்கு ஒரே ஆச்சரியம். அன்றிலிருந்து மச்சானைக் கொஞ்சம் முன்னாலேயே கிளப்பினார்.

வீட்டில் சொன்ன நோய் கிடங்குக்கு வர எத்தனை நேரம் ஆகும்? மனைவியே கொண்டுவந்து சேர்த்தாள். சாப்பாட்டுப் பையோடு, காற்றடித்த ரப்பர் வளையம் ஒன்றையும் கொடுத்தனுப்பினாள். நடுவில் ஓட்டை உள்ளது, நோகாமல் உட்காருவதற்கு. சுமை இறக்குகிறவர்கள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள்.

"அண்ணே, ட்யூப் வந்திருக்கு. வண்டி எங்கண்ணே?"

"காத்து சரியா இருக்கா பாரு. புலி உக்காரும்போது வெடிச்சுடப் போகுது."

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். நல்ல மனிதர். எல்லோரையும் அதட்டி விரட்டிவிட்டு, புலியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் இருந்துதுங்க. வெளில மூச்சு விட்டுடாதீங்க" என்று ஆரம்பித்தவர், புலி கேட்க விரும்பாத விவரங்களையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். கடைசியில் தோளில் தட்டிக்கொடுத்தார். "உங்களை இந்த நிலைமையில உக்கார வச்சு வேலை வாங்கறது பாவம். கொஞ்ச நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஆளைப் போட்டுடறேன். அந்த பில் போடற தம்பி பட்டதாரிதான், சான்றிதழைக்கூடக் காட்டிட்டான். நீங்க நின்னுக்கிட்டே செய்யற மாதிரி வேலை பாருங்க."

நின்றுகொண்டே செய்கிற வேலை டின் அடுக்குவது. எந்த நாற்காலிக்காக இந்தப் பாடு பட்டாரோ, அந்த நாற்காலி அவர் கண்ணெதிரே உருண்டு போனது. புலி ரப்பர் வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. இனி பரீட்சையில் தேறிச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால்தான் உண்டு.

அதனால் வெறிபிடித்தாற்போல் படித்தார். டின் அடுக்கிக்கொண்டே சூத்திரத்தை முணுமுணுத்தார். ஒரு நாள் திடீரென்று கணக்கு பிடிபட்டுவிட்டது. ஒரு படிக்கு அடுத்த படி எழுத எழுத, கடைசியில் இரண்டு மூலமும் சமர்த்தாக வந்து நின்றன. கிடங்குக்குள்ளேயே, "வந்துடுச்சு! ரெண்டு மூலமும் வந்துடுச்சு!" என்று புலி கத்திவிட்டார்.

மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார். அன்று சாயங்காலமே அவர் புலியின் வீட்டுக்குப் போன் செய்து, நிலைமை முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மச்சான் மலர்ந்த முகத்தோடு வந்தான்.

"மாமா, பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். சாதாரணமா அவரைப் பார்க்க மாசக்கணக்கா காத்திருக்கணும். உங்களுக்காக வெள்ளிக்கிழமை வாங்கிட்டேன். காலையிலேயே சேர்ந்துடணும். மதியத்துக்குள்ள பார்ப்பார், தேவைன்னா உடனே அறுத்துடுவார்."

வெள்ளிக்கிழமை காலையில்தான் பரீட்சை.

"வெள்ளிக்கிழமை வேண்டாமே" என்றார் புலி.

"ஏங்க? அன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்றாள் மனைவி.

"பயமா இருக்கு" என்றார் புலி. அது மட்டும் சத்தியம்.

"நான் இருக்கேன்ல" என்று மனைவி அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை புலியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்து, அவர் உடுப்பை வாங்கிக்கொண்டு, பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டான் மச்சான். முன்பக்கம் பார்த்தால் மரியாதையான அங்கிதான். பின்பக்கம் இரண்டு நாடா முடிச்சைத் தவிர வேறொன்றும் கிடையாது. சுவர்க் கடிகாரம் பரீட்சையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கோலத்தில், இந்த மச்சானின் காவலைத் தாண்டி எப்படிப் போவது? போகாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நாற்காலி யாருடையதோ! புலி கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, வா, கீழ போய் டீ குடிச்சுட்டு வரலாம்" என்றாள் மனைவி.

"மாமாவைத் தனியா விட்டுட்டா?"

"அவர் எங்க போயிடப் போறார்? குளிருதேன்னு போர்வையை நல்லாச் சுத்தி விடு. செருப்பு கால் கிட்டயே இருக்கட்டும். என்னங்க, என் பையைப் பத்திரமாப் பார்த்துக்கங்க, என்ன?"

அவர்கள் லிஃப்டுக்குள் போனார்களோ இல்லையோ, புலி பாய்ந்தார். போர்வையை இடுப்பில் சுற்றினார், செருப்பை மாட்டினார். எழுத ஏதாவது இருக்குமா என்று மனைவியின் பையைத் துழாவினால் பேனா, பென்சில், ரப்பர், அளவுகோல், அவருடைய கண்ணாடி என்று எல்லாம் இருந்தன. பெண்கள் கைப்பையில் என்னதான் இல்லை! சமையற்கட்டு வழி பழகிய வழி. போர்வை ஒரு கையில், அளவுகோல் ஒரு கையில். தெருவில் நாய்கூட ஒதுங்கி வழிவிட்டது.

பரீட்சை அறை வாசலில் மேடம் நின்றிருந்தார். மேலிருந்து கீழ்வரை புலியைப் பார்த்தார். அறையே திரும்பிப் பார்த்தது.

"மேடம், நான் லேட் இல்ல" என்றார் புலி, மூச்சிரைக்க.

"இல்லை."

"போன், பை எதுவும் கொண்டு வரலை."

"அது நல்லாவே தெரியுது. என்னென்ன எதிர்பார்க்கிறேன்னு முதல் நாள் சொன்னப்ப, உடுப்பைப் பத்திச் சொல்ல விட்டுட்டேன். தப்பு என்னோடது. உள்ள போங்க."

புலி உட்கார்ந்தார். மர பெஞ்சு சில்லென்றிருந்தது. தாளைப் பிரித்தால், முதல் கேள்வியே மூலம் காணச் சொல்லியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினார். ஒரு படி விடாமல் எழுதினார். நிஜ மூலம், சம மூலம், கற்பனை மூலம் எல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றன. தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, இந்த முறை தேறிவிடுவோம் என்று அவருக்கே தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்லூரி நாளிலிருந்து அனுபவித்ததே இல்லை.

சந்தோஷத்தோடு வாசல் படி இறங்கினால், கீழே மனைவியும் மச்சானும் நின்றிருந்தார்கள்.

"மாமா! ஆஸ்பத்திரி முழுக்கத் தேடியாச்சு! பெரிய டாக்டர் கத்திட்டுப் போயிட்டார். அக்காதான் இங்க வந்து பார்க்கலாம்னு சொன்னா. இந்தக் கோலத்துல இங்க என்ன பண்றீங்க?" என்று மச்சான் குதித்தான்.

இன்னொரு பொய் சொல்லலாம். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் புலிக்கு அலுத்துப்போயிருந்தது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுட்டேன். பரீட்சை எழுத வந்தேன். எனக்கு டிகிரி இல்ல. ஒரு பாடம் பாக்கி. உன்கிட்ட சொன்னா மரியாதை போயிடும்னு இத்தனை வருஷம் மறைச்சேன். என்னை மன்னிச்சுடு."

"அப்போ மூலம்னு போன்ல பேசுனது?" என்று மெல்லக் கேட்டாள் மனைவி.

புலிக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்போதுதான் பரீட்சை எழுதிய மனிதர் அல்லவா? போர்வையை இறுக்கிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது கணக்குல வர்றது. சமன்பாடுன்னு ஒண்ணு இருக்கும். அதுல எக்ஸுக்குப் பதிலா எதைப் போட்டா மொத்தமும் பூஜ்யம் ஆகுதோ, அதுக்குப் பேரு மூலம். கொஞ்சம் கஷ்டமான விஷயம், உனக்கு உடனே புரியாது."

"அப்படியாங்க? எத்தனை இருக்கும்?"

"இருபடிச் சமன்பாடுன்னா ரெண்டு."

"ஒண்ணுதான் வந்துதுன்னா?"

"ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு அர்த்தம். படிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார் புலி, பரிவோடு.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிய அல்ஜீப்ரா மேடம், இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சார், என்னோட பகல் வகுப்புல போன வருஷமே முழு மார்க் வாங்கிட்டு, 'என் வீட்டுக்காரர் மூலத்துல கொஞ்சம் வீக்கு மேடம், போன் பண்ணா பொறுமையாச் சொல்லிக் குடுங்க'ன்னு நீங்க சேர்ந்த உடனேயே என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டவங்களுக்கா நீங்க பாடம் நடத்துறீங்க?"